சாட்டை எடுக்கும் முன்: சிங்கிள் டெயில் பழக ஓர் ஆறு மாதத் திட்டம்

இது 18 வயது கடந்தவர்களுக்கான கட்டுரை. வலியையும் கட்டுப்பாட்டையும் இருவர் சம்மதத்தோடு இன்பமாக்கும் பிடிஎஸ்எம் விளையாட்டில் ஏற்கெனவே இருப்பவர்கள், பல வார்கள் கொண்ட ஃபிளாகரில் கை பழகியவர்கள், அடுத்து சிங்கிள் டெயில் எனப்படும் ஒற்றைச் சாட்டைக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இதுவரை எதையும் தொட்டதில்லை என்றால் இங்கிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

நானும் என் துணையும் லண்டனில் இருக்கிறோம். ஒற்றைச் சாட்டை பழக எங்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம் பிடித்தது. ஒழுங்காகச் செய்திருந்தால் ஆறு மாதம் போதும். மீதி ஒரு வருடம் தவறான சாட்டை, தவறான இடம், ஒரு போலீஸ் விசாரிப்பு, துணையின் முதுகில் எட்டு மாதம் மறையாமல் கிடந்த ஒரு கருந்தடம் என்று போனது. அந்த ஒரு வருடத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தலாம் என்று பார்க்கிறேன்.

1. சாட்டைக்கு முன் ஊசி

ஒற்றைச் சாட்டையின் நுனி, நாம் நினைக்காத நேரத்தில் தோலைக் கிழித்துவிடும். எவ்வளவு பழகியவருக்கும் இது நடக்கும். ரத்தம் வந்தால் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி மூன்றையும் பற்றி யோசித்தாக வேண்டும். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். தோல் பின்னலுக்குள் புகுந்த ரத்தத்தைத் துடைத்து எடுக்கவும் முடியாது.

அதனால் சாட்டைக்கு ஆர்டர் கொடுக்கும் அதே வாரம் இருவரும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை ஆரம்பித்துவிடுங்கள். வழக்கமான கணக்கு மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மூன்றாவது ஊசி போடும்போது உங்கள் கையும் ஓரளவு தயாராகியிருக்கும். கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டீர்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் சி-க்கும் எச்ஐவி-க்கும் தடுப்பூசி கிடையாது, ரத்தப் பரிசோதனைதான் வழி. இருவரும் எடுத்து, முடிவுகளை ஒருவருக்கொருவர் காட்டுங்கள்.

2. எந்தச் சாட்டை, என்ன விலை

சினிமாவில் பார்க்கும் நீளமான புல்விப் வேண்டாம். அது ஆறு, எட்டு அடி இருக்கும், வீட்டுக்குள் சுழலவே சுழலாது. மூன்று முதல் நான்கு அடிக்குள் இரண்டு வகை உண்டு. சிக்னல் விப்பில் நுனி நூலான கிராக்கர் சாட்டையின் உடலோடு சேர்த்தே பின்னப்பட்டிருக்கும். ஸ்நேக் விப்பில் ஃபால் என்ற தனி வாரும், அதன் முனையில் கிராக்கரும் இருக்கும், இரண்டையும் கழற்றி மாற்றலாம். முதல் சாட்டையாக ஸ்நேக் விப் வாங்குங்கள். பயிற்சியில் கிராக்கர் வாரம் ஒன்று தேய்ந்து போகும். அதைவிட முக்கியம், ஒரு துளி ரத்தம் பட்டாலும் கிராக்கரை வெட்டி எறிந்துவிட்டு வேறு கட்டிக்கொள்ளலாம்.

நான் முதலில் இணையக் கடை ஒன்றில் 25 பவுண்டுக்கு ஒன்று வாங்கினேன். பார்க்க அழகு. உள்ளே கயிற்றைத் திணித்து மேலே தோல் சுற்றியிருந்தார்கள். நடுவில் மடிந்து மடிந்து விழும், நுனி எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. வாங்கும் முன் ஒரு சோதனை போதும்: கைப்பிடியைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். நல்ல சாட்டை, கைப்பிடியிலிருந்து நுனி வரை மெலிந்துகொண்டே போய், ஒரே வளைவாகத் தொங்கும். எங்காவது சட்டென்று ஒடிந்தது போல மடங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழக நைலான் போதும். பாராகார்ட் என்ற நைலான் கயிற்றில் பின்னிய நான்கு அடி ஸ்நேக் விப் ஒன்றுக்கு 85 பவுண்டு கொடுத்தேன். மழையில் நனையலாம், சோப்புப் போட்டுக் கழுவலாம். கங்காரு தோலில் 12 இழை பின்னலாக இன்னொன்றைப் பிறகு செய்வித்தேன்: 260 பவுண்டு, நான்கு மாதக் காத்திருப்பு. கங்காரு தோல் மெல்லியதாக இருந்தும் அறுபடாது, அதனால்தான் நல்ல சாட்டைக்காரர்கள் அதையே தேடுகிறார்கள். ஆனால் தோல் சாட்டை ஒருவருக்கு மட்டும்தான். வேறொருவர் முதுகுக்கு அதைக் கொண்டு போகவே கூடாது.

3. இடம்தான் பெரிய செலவு

சாட்டையைச் சொடுக்கும்போது நுனி ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரைத் தாண்டுகிறது. நாம் கேட்கும் சத்தம் அதுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது துப்பாக்கிச் சத்தம். நான் ஒரு ஞாயிறு காலை பூங்காவில் பழகப் போய், இருபது நிமிடத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். சர்க்கஸ் கலை பழகுகிறேன் என்றேன், சிரித்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

கடைசியில் ஒத்துவந்தது பேட்மிண்டன் கோர்ட். கூரை உயரம், சுற்றிலும் காலி, சத்தத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. மணிக்கு 15 பவுண்டு, வாரம் ஒரு மணி நேரம், 24 வாரம்: 360 பவுண்டு. சாட்டையைவிட இதுதான் அதிகம். வீட்டில் பழகுவதானால் சொடுக்காமல், வீச்சை மட்டும் பழகலாம். கை நீளம், சாட்டை நீளம் இரண்டையும் கூட்டி, அதற்கு மேல் மூன்று அடி எல்லாப் பக்கமும் காலியாக இருக்கட்டும். மேலே பார்க்க மறந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு விளக்கு ஒன்று அப்படித்தான் போனது.

4. முதல் மூன்று மாதம் தலையணை

பயிற்சியின்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். எட்டு பவுண்டுக்குக் கிடைக்கும். தொப்பி, முழுக்கைச் சட்டை, ஜீன்ஸ், காதுக்கு அடைப்பான். முதல் மாதத்தில் உங்களை நீங்களே அடித்துக்கொள்ளப் போகிறீர்கள். எனக்குக் காதுமடலில் விழுந்தது. சுளீரென்ற அந்த ஒரு அடிதான் எந்தப் பயிற்சிப் பட்டறையையும்விட அதிகம் சொல்லிக்கொடுத்தது.

பட்டறை என்றதும் சொல்கிறேன்: நேரில் ஒருவர் கையைப் பிடித்துத் திருத்தாமல் இதைக் கற்பது கஷ்டம். நான் இரண்டு பட்டறைகளுக்குப் போனேன், ஒன்றுக்கு 30 பவுண்டு. வெறும் விளையாட்டாகச் சாட்டை சொடுக்குபவர்களிடம் போய்க் கற்றாலும் சரி. கை அசைவு ஒன்றுதான், அவர்கள் கேள்வியும் கேட்க மாட்டார்கள்.

ஒரு பெரிய தலையணைக்குக் கறுப்பு உறை போட்டு, நெஞ்சு உயரத்தில் நிறுத்துங்கள். அதில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு வட்டம், நடுவில் நான்கு விரல் அகலத்தில் ஒரு பட்டை. வட்டங்கள் தோள்பட்டைச் சதை, பட்டை முதுகுத்தண்டு. கிராக்கரில் முகப் பவுடரைத் தொட்டுக்கொண்டு வீசினால் எங்கே விழுந்தது என்று வெள்ளையாகத் தெரியும்.

வீச்சு இதுதான். சாட்டை உங்களுக்குப் பின்னால் நேராகக் கிடக்க வேண்டும். கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து முன்னால் இறக்கி, இலக்கைச் சுட்டிக்காட்டுவது போல நிறுத்துங்கள். சாட்டையில் ஒரு வளையம் உருவாகி, அது நுனி நோக்கி ஓடி விரியும். பலம் வேண்டியதில்லை. புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, கடைசியில் மணிக்கட்டை வெடுக்கென்று இழுப்பது. அது நுனியைத் திசை திருப்பிவிடும்.

ஒரே மூச்சில் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தோள் சோர்ந்த பிறகு பழகினால் தவறான அசைவுதான் மனப்பாடமாகும். எனக்கு நானே வைத்துக்கொண்ட தேர்வு: தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு நூறு வீச்சு, ஒன்றுகூட நடுப்பட்டையில் விழக் கூடாது. 99 வந்தாலும் மறுநாள் முதலிலிருந்துதான்.

5. சத்தம் வேறு, தொடுதல் வேறு

இதை மட்டும் படித்தாலும் போதும் என்பேன். சாட்டை சொடுக்கும் இடத்தில்தான் நுனியின் வேகம் அதிகம். அந்த இடத்தில் தோல் இருந்தால் கிழியும். ஆகவே சொடுக்குவது காற்றில், தோலிலிருந்து குறைந்தது ஓர் அடி தள்ளி. தோலைத் தொடும் வீச்சு சொடுக்காத வீச்சு. வேகம் தணிந்து, கிராக்கரின் கடைசி ஓரிரு அங்குலம் மட்டும் தடவிவிட்டுப் போவது. எங்கள் ஊரில் மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர் சாட்டையை மாட்டின் முதுகுக்கு மேலே காற்றில்தான் சொடுக்குவார். மாட்டின் மேல் பட்டு நான் பார்த்ததில்லை. அடி வாங்குபவருக்கும் பாதி அனுபவம் அந்தச் சத்தமும், அடுத்தது எப்போது என்ற காத்திருப்பும்தான்.

இரண்டையும் பிரிப்பது தூரம். எப்போதும் எட்டாத தூரத்தில் ஆரம்பித்து, அரை அடி அரை அடியாக முன்னால் வாருங்கள். கிராக்கர் தொடத் தொடங்கிய இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். உங்கள் முன்கால் அந்த டேப்பைத் தாண்டக் கூடாது. கிட்டே நின்றால் நுனி உடலைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போய் விழும். அப்படிச் சுற்றும்போது அதன் வேகம் கூடும். வலதுகைக்காரர் பக்கவாட்டில் வீசினால் பெரும்பாலும் எதிரே இருப்பவரின் இடது விலாவில் விழும். மேலிருந்து வீசி உயரம் தப்பினால் தோளைத் தாண்டிக் கழுத்துக்குப் போகும்.

அடி வாங்குபவர் அசைந்தாலும் தூரம் மாறிவிடும். சுவரிலோ கனமான மேசையிலோ கையூன்றி நிற்கச் சொல்லுங்கள்.

6. எங்கே, எங்கே கூடாது

மேல்முதுகின் இரு பக்கச் சதை, புட்டம், தொடையின் பின்புறச் சதை. அவ்வளவுதான். தலை, முகம், கழுத்து, முதுகுத்தண்டு, வால் எலும்பு, மூட்டுகள், முழங்காலின் பின்பக்கம், வயிறு, கைகள் எதுவும் கூடாது. விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்புக்கும் நடுவே, பின்பக்கம் சிறுநீரகம் இருக்கும் பகுதி அறவே கூடாது.

குறி தப்பும் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். இடுப்புக்கு அகலமான தோல் பெல்ட், கழுத்துக்கும் தோள் விளிம்புக்கும் மடித்த துண்டு, கூந்தல் மேலே கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். கறுப்பு உடை, மெழுகுவர்த்தி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

7. பேச்சும் தாளும்

ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்டா, ஆஸ்பிரின் எடுக்கிறாரா, சர்க்கரை, இதயம், ஆஸ்துமா, தழும்பு தடித்து வளரும் உடல்வாகா, கர்ப்பமா, பழைய காயம் எங்கே. எந்தப் பகுதி சரி, எது வேண்டாம், எத்தனை நாள் தடம் இருந்தால் பரவாயில்லை. இதைச் சாப்பாட்டு மேசையில், உடை உடுத்தியிருக்கும்போது பேச வேண்டும். ஆரம்பித்த பிறகு எல்லையைத் தளர்த்தக் கூடாது, இறுக்கலாம்.

நிறுத்தச் சொல்லுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு நன்றாக வேலை செய்கிறது. மஞ்சள் என்றால் குறை, சிவப்பு என்றால் அந்த நொடியே நிறுத்து. நம் ஆட்களுக்கு ஒரு சிக்கல்: வலித்தால் தன்னால் வருவது ‘அம்மா’தான். அது நிறுத்தச் சொல் இல்லை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஆனால் ‘அம்மா’ வரும் தொனி மாறினால் நின்று கேளுங்கள். பேச்சு வராமல் போகும் நிலையும் உண்டு. கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுங்கள், கீழே போட்டால் நிறுத்தம்.

சிலர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அது உங்களைக் காப்பாற்றாது. இங்கிலாந்தில் 1993ல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, பிரௌன் வழக்கில், 3க்கு 2 என்ற பெரும்பான்மையில் சொன்னது இது: இந்த விளையாட்டில் உடலுக்கு உண்மையான காயம் ஏற்பட்டால் சம்மதம் தற்காப்பு ஆகாது. 2021 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, பாலின்பத்துக்காக ஏற்படுத்தும் காயங்களுக்கு அதையே சட்டமாக எழுதி வைத்திருக்கிறது. தோல் கிழிந்தால் நீங்கள் எழுதிய தாளே உங்களுக்கு எதிரான சாட்சியாகலாம். இந்தியாவில் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, 18 வயது கடந்தவர் சம்மதித்து, மரணமோ கொடுங்காயமோ நோக்கமில்லாத செயலுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அங்கே சட்டம் காட்டும் உதாரணம் வாள்வீச்சு விளையாட்டு. அதை நம்பி இறங்க வேண்டாம். தாள் நீங்கள் இருவரும் மறக்காமல் இருக்க மட்டும். படம் எடுக்காதீர்கள்.

நாள் குறிக்கும்போது காலண்டரையும் பாருங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் கல்யாணம், முதுகு தெரியும் ரவிக்கை, சட்டையைக் கழற்றச் சொல்லும் கோயில், நீச்சல் குளம் ஏதாவது உண்டா?

8. முதல் நாள்

மது வேண்டாம், இருவருக்கும். முதல் பதினைந்து நிமிடம் கையாலும் ஃபிளாகராலும் உடலைச் சூடாக்குங்கள். அதற்கு முன் டேப் தூரத்தைத் தலையணையில் ஒரு முறை சரிபாருங்கள். அன்றைய கை அன்றைய கைதான்.

முதலில் காற்றில் சில சொடுக்கு. பிறகு பத்து மெல்லிய தொடுதல், இடம் வலமாக மாற்றி. சாட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் முதுகைத் தொட்டுப் பாருங்கள், வலி பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். ஆறுக்கு மேல் சொன்னால் ஏற்ற வேண்டாம். முதல் மூன்று தடவை சாட்டை மொத்தம் பத்து நிமிடம் தாண்டக் கூடாது. ஒரு வீச்சு தப்பினாலும் மன்னிப்பு கேட்டுவிட்டு அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். ‘பரவாயில்லை, இன்னும்’ என்று அவர் சொன்னாலும்.

9. நம் தோல் சிவக்காது

நான் படித்த ஆங்கில வழிகாட்டிகள் எல்லாம் தோல் சிவந்தால் குறை, கருஞ்சிவப்பானால் நிறுத்து என்றன. நானும் சிவப்புக்குக் காத்திருந்தேன். என் துணை என்னைவிடக் கறுப்பு. சிவப்பு வரவே இல்லை. இன்னும் போகலாம் என்று நினைத்தேன், துணையும் விளையாட்டு தந்த மயக்கத்தில் பச்சை என்றே சொன்னது. விளக்கைப் போட்டுக் கையால் தடவியபோது வரிவரியாகத் தடித்திருந்தது. தடிப்பு நான்கு நாளில் போனது, கருப்பு எட்டு மாதம் இருந்தது.

மாநிறத்துக்கும் அதற்கு மேலும் கண்ணை நம்பாதீர்கள். புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள், விரல் நுனியால் தடிப்புப் பாருங்கள். முதல் தடிப்பு எழுந்த இடத்தில் அன்றைக்கு இன்னொரு வீச்சு கிடையாது. மங்கிய சிவப்பு விளக்கு வேண்டாம், பக்கவாட்டிலிருந்து வெள்ளை வெளிச்சம் விழுந்தால் மேடு நிழலாகத் தெரியும். நம் தோலில் அழற்சி ஆறியபின் நிறம் கறுத்துத் தங்குவது சாதாரணம், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். தடம் மறையும்வரை அந்த இடத்தை மூடி வையுங்கள், சன்ஸ்கிரீன் போடுங்கள். காதுகுத்திய இடத்திலோ அம்மைத் தழும்பிலோ சதை தடித்து வளர்ந்தவர் என்றால், இந்தச் சாட்டையே வேண்டாம் என்பேன்.

10. முடிந்த பிறகு

போர்வை, தண்ணீர், ஏதாவது இனிப்பு. நாங்கள் பக்கத்தில் ஆரஞ்சு ஜூஸும் கடலை மிட்டாயும் வைத்திருப்போம். அரை மணி நேரம் யாரும் எழுந்து போகக் கூடாது. சூடான இடத்தில் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். தோல் கிழிந்திருந்தால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி மூடுங்கள்.

இரண்டாம், மூன்றாம் நாள் காரணமில்லாமல் அழுகை வரலாம், எரிச்சல் வரலாம். அடித்தவருக்கும் வரும், அவர்தான் சொல்ல மாட்டார். மூன்று நாளும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரில் ரத்தம், மூச்சு இழுத்தால் விலாவில் வலி, ஒரு நாள் கழித்தும் ஏறிக்கொண்டே போகும் வீக்கம், காய்ச்சல், கண்ணில் பட்ட அடி எதுவாக இருந்தாலும் உடனே மருத்துவமனை. மருத்துவரிடம் படியில் விழுந்தேன் என்று கதை விடாதீர்கள். காயத்தின் காரணம் தெரிந்தால்தான் எதைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

11. சாட்டையைப் பார்த்துக்கொள்வது, மொத்தக் கணக்கு

நைலானைச் சோப்பு நீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். தோல் சாட்டையை ஈரத்துணியால் துடைத்து, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை தோல் மெழுகு தடவுங்கள். தளர்வான வளையமாகச் சுருட்டி வைக்கவும், இறுக்கிச் சுருட்டினால் பின்னல் வளைந்தே நிற்கும். விமானத்தில் போவதானால் கைப்பையில் வைக்க வேண்டாம், செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

எனக்கு ஆன உருப்படியான செலவு: நைலான் சாட்டை 85, கண்ணாடி 8, கிராக்கர் நூல் 6, பட்டறைகள் 60, கோர்ட் வாடகை 360, மொத்தம் 519 பவுண்டு. பிறகு கங்காரு சாட்டையும் மெழுகும் சேர்த்து 269. வீணான 25 பவுண்டுச் சாட்டையை இதில் சேர்க்கவில்லை. அது இப்போது எங்கள் பால்கனியில் தக்காளிச் செடிக்குக் கட்டுக்கயிறாக இருக்கிறது.